சாபிர் என்று இங்கே யாரும் இல்லை

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோய் அல்ல. பெயரும் தெரியும், அதன் பொருளும் தெரியும். ஆனாலும் எழுத மாட்டேன். என் வாப்பா எனக்கு வைத்த பெயரைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு இன்னொன்றை மாட்டிவிட்ட மனிதருக்கு என் எழுத்தில் மட்டும் எதற்குப் பெயர்? அண்ணாச்சி என்றால் போதும். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லம் வரைக்கும் வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவர் செய்த காரியத்தால் என் வாப்பாவின் கடைசி முகத்தை நான் பார்க்கவில்லை. கபுறில் ஒரு பிடி மண் போடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நல்லதாகவும் நிறைய வந்துவிடும். ஆள் அப்படி. வாசிக்கிறவர்கள் 'பாவம், நல்ல மனுஷன்தானே' என்று அவர் பக்கம் சாய்ந்துவிட்டால் எனக்குப் பொறுக்காது.

என் பெயர் சாபிர். எனக்கு முன்னால் உம்மாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் வாப்பாவிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்களாம்: "சபூர் பண்ணுங்க." பொறுமையாக இருங்கள் என்பதை எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வோம். வாப்பா மேலப்பாளையத்தில் தையல்காரர். பொசுக்கென்று கோபம் வரும். சபூருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறார். மூன்றாவதாக நான் பிறந்து, பிழைத்து, ஏழாம் நாள் முடி இறக்கியபோது, பொறுமையாக இருப்பவன் என்று பொருள்படும் பெயரை என் காதில் அவரே சொன்னார். பொறுமையாக இருந்தது அவர், பேர் எனக்கு. அவருடைய முன்கோபமும் சேர்ந்து எனக்கே வந்துவிட்டது.

எங்கள் ஊரில் அது ஒன்றும் அபூர்வமான பெயர் இல்லை. தெருவுக்கு இரண்டு சாபிராவது இருப்போம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தப் பெயரைச் சொன்னால் மூன்று பேர் எழுந்து நிற்போம், அடி மட்டும் எனக்கு விழும். இப்போது யாரும் வைப்பதில்லை. என் தங்கை மாசமாக இருந்தபோது கைப்பேசியில் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே பொருள், அதிர்ஷ்ட எண், எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று இதயக் குறிகள். ரய்யானுக்கும் அயானுக்கும் இதயம் கொட்டிக் கிடந்தது. சாபிருக்கு நேரே ஒன்றிரண்டு அனாதையாக நின்றன. "பழைய பேரு காக்கா, எவளும் சீண்ட மாட்டேங்கிறா" என்று அவள் சிரித்தாள். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். எனக்குச் சுருக்கென்றது.

அண்ணாச்சிக்குப் பெயர்தான் தொழில், பெயர்தான் பித்து. ஊரிலிருந்து பையன்களைக் கூட்டிவந்து காண்ட்ராக்டில் சேர்த்துவிடுவார், ரூம் பிடித்துத் தருவார். எந்தக் கம்பெனியிலும் அவர் வேலை பார்த்ததில்லை. ஆனால் இருட்டில் மின்னும் பட்டை வைத்த ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்றை எப்போதும் போட்டிருப்பார். அதைப் பார்த்தால் எந்த கேட்டிலும் செக்யூரிட்டி எழுந்து வழிவிடுவான். ஒரகடத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அந்த ஜாக்கெட்டோடு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எந்த ஊர், யார் மகன் என்றெல்லாம் கேட்கவில்லை.

"பேரு என்னல?"

"சாபிர்."

"அடேயப்பா! பொருள் தெரியுமா?"

"பொறுமைசாலி."

"அது ரெண்டாவது. மொதப் பொருள் கட்டிப் போடுறது. ஒட்டகம் ஓடிராம அரபிக்காரன் கட்டி வைக்கான்லா, அந்த மாதிரிப் புடிச்சு நிறுத்துறது. மனசு அங்கயும் இங்கயும் ஓடும் பாரு, அதக் கட்டிப் போட்டவன் சாபிர். இன்னொண்ணு கேளு. கத்தாழைக்கும் அரபில அதே சொல்லுதான். நாக்குல வச்சா அப்பிடிக் கசக்கும், ஆனா மருந்து. அய்யூப் நபி ஒடம்பெல்லாம் புண்ணாகிக் கெடந்தும் வாய் தொறக்கலல்லா, அவுகளுக்கு அல்லா குடுத்த பட்டம்ல இது. ஒன் வாப்பா யோசிச்சு வச்சிருக்காரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊரில் எங்களுக்கு ஓதித் தந்த ஆலிம்சா கூட என் பெயரை இப்படிப் பிரித்து வைத்துச் சொன்னதில்லை. அண்ணாச்சி சின்ன வயதில் சில வருஷம் மதரஸாவில் ஓதியவராம். பாதியில் விட்டுவிட்டார். முடித்திருந்தால் எங்காவது பள்ளிவாசலில் இமாமாக இருந்திருப்பார், இங்கே வந்து எங்கள் உயிரை வாங்கியிருக்க மாட்டார்.

டீ சொன்னார். டீ வருவதற்குள், "சரி, இங்க நீ ராஜா" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"ரூம் கெடைக்கணும்லா? பேரு வீட்டுக்குல. இங்க அதக் கழட்டிப் பெட்டிக்குள்ள வச்சிரு, ஊருக்குப் போகும்போது மாட்டிக்க."

அவரும் எங்கள் ஆள்தான். அதனால்தான் எனக்குக் கோபம் இரண்டு பங்கு. வேறு யாராவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவர் என் பெயரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டு, அதே வாயால் வேண்டாம் என்றார். ஆட்டுக்கு மாலை போட்டுவிட்டு அறுக்கிற மாதிரி.

எனக்கு மட்டும் என்றில்லை, யார் வந்தாலும் இதே கூத்துதான். இசக்கிமுத்து என்று ஒருவன் வந்தான். இசக்கியம்மன் யார், எங்கே கோயில், எதனால் அந்தப் பெயர் என்று அவனுக்கே தெரியாததையெல்லாம் விளக்கினார். கடைசியில், "சாமி பேர வச்சே என்ன சாதின்னு மோப்பம் புடிச்சிருவானுவ, நீ கார்த்தி" என்றார். அடுத்து வந்த சுடலைமாடனும் கார்த்தி. அதற்கடுத்தவனும் கார்த்தி. ராமநாதபுரத்து அப்துல் கரீமுக்கு அப்பு என்று வைத்தார். 'தாராள மனசுக்காரனுக்கு அடிமைன்னு எவ்வளவு அழகான பொருள்!' என்று அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வைத்தார். புதிதாக வருகிற ரய்யான், ஜயான்களைக் கண்டால் மட்டும் முகம் சுளிப்பார். "ஷாம்பு பாக்கெட்டுல போடுற பேரால இது?" என்பார். ஆனால் கேட்டால் எந்த மதம் என்று பிடிபடாது, அதனால் அவன்களுக்குப் புதுப் பெயர் தேட வேண்டிய சிரமம் இல்லை என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

முதலில் நான் மசியவில்லை. ராஜாவாவது, மந்திரியாவது என்று படப்பைப் பக்கம் நானே ரூம் தேடிப் போனேன். ஒரு வீட்டு கேட்டில் 'வாடகைக்கு' அட்டை தொங்கியது. வீட்டுக்காரர் நல்லபடியாகத்தான் பேசினார். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பது வரைக்கும் வந்துவிட்டது.

"பேரு இன்னா தம்பி?"

சொன்னேன்.

"அடடா, இப்பத்தான் ஒருத்தரு அட்வான்ஸ் குட்த்துட்டுப் போனாரு. சொல்ல மறந்துகினே கீறேன் பாரு."

மறுநாளும் அந்த வழியாகப் போனேன். அட்டை அதே கேட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லெடுத்து எறியலாமா என்று கை துறுதுறுத்தது. திரும்பி வந்து அண்ணாச்சி எதிரில் நின்றேன். அவர் வண்டியில் ஏறச் சொன்னார்.

வல்லத்துக்குப் பக்கத்தில் ஓனரம்மா வீடு. நிலம் கம்பெனிகளுக்குப் போனபின் மாடி மாடியாக ரூம் எடுத்து விட்டிருந்தார்கள். கீழே ஓனரம்மாவே நடத்தும் மெஸ். "பையன் பேரு ராஜா" என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். "ராஜாவா? நல்லாக் கீது" என்று ஓனரம்மா சாவியைக் கொடுத்தாள். அவ்வளவுதான். கூட இருந்த கார்த்திகளுக்கும் நான் ராஜா, மெஸ்ஸில் பரோட்டா போடுகிறவருக்கும் ராஜா. நான் ஊமை மாதிரி நின்றேன்.

கம்பெனியில் எனக்குக் கார் கதவு மாட்டுகிற லைனில் வேலை. ஆதார் கொடுத்துச் சேர்ந்ததால் அடையாள அட்டையில் சாபிர் என்றுதான் இருந்தது. ஆனால் அட்டை தொங்கினால் பெயிண்டில் கீறல் விழும் என்று அதைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், பெல்ட் பக்கிளுக்குக்கூடத் துணி உறை. யார் பெயரும் யார் கண்ணிலும் படாது. அப்புறம் என்ன, அண்ணாச்சி சேர்த்துவிட்ட பையன் ராஜா. சூப்பர்வைசர் ராஜா என்று கத்துவார், நான் ஓடுவேன்.

நல்லதையும் சொல்லித் தொலைக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு, எழுந்து நிற்க முடியாமல் போனது. அண்ணாச்சிதான் என்னை வண்டியில் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, தண்டலம் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் தேறுகிற வரைக்கும் வராந்தாவிலேயே கிடந்தார். கஞ்சி வாங்கி வந்து ஊதி ஊதிக் கொடுத்தார். என் கூடப் பிறந்தவன் இருந்தால் செய்திருப்பானோ என்னவோ.

அந்த ஆஸ்பத்திரியில்தான் அது நடந்தது. டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். என் கம்பெனி அட்டையைப் பார்த்து எழுதிய சீட்டோடு நர்ஸ் வந்து, "சாபிர்... சாபிர் யாரு?" என்று கூப்பிட்டாள். நான் காய்ச்சலில் சுருண்டிருந்தேன், காதில் ஏறவில்லை. அண்ணாச்சி நல்ல நினைவோடுதான் இருந்தார். அவரும் திரும்பவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். அண்ணாச்சி சுற்றிலும் பார்த்து, "ஏப்பா, யாருப்பா அது, கூப்பிடுதாங்கள்லா?" என்று மற்றவர்களைக் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் தூக்கினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பெருநாள் தொழுகைக்கு ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிப்போவார். தொழுது முடித்து, முன்னூறு பேர் நிற்கிற கூட்டத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "ஈத் முபாரக், ராஜா!" என்று சத்தமாகச் சொல்வார். நாலு பக்கமும் தலைகள் திரும்பும். "இங்கயுமா அண்ணாச்சி?" என்று பல்லைக் கடிப்பேன். "பழகிப்போச்சுல" என்று முதுகில் தட்டுவார். அவருக்குப் பழகிப்போனதுதான் என் குடியைக் கெடுத்தது.

ஊரில் உம்மாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? வாப்பா காதில் விழுந்தால் கத்தரியோடு பஸ் ஏறிவிடுவார். அவசரம் என்றால் கூப்பிட ஓனரம்மா மெஸ்ஸின் நம்பரையும் கொடுத்து வைத்திருந்தேன். கம்பெனிக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிகிற வரைக்கும் உலகத்தில் எவன் செத்தாலும் பிழைத்தாலும் நமக்குத் தெரியாது.

அன்று எனக்கு முதல் ஷிப்ட். ஆள் குறைவு என்று ஓ.டி.யும் போட்டார்கள். சாயங்காலம் வெளியே வந்து லாக்கரைத் திறந்தால், கைப்பேசி முழுக்க உம்மாவும் தங்கையும் கூப்பிட்ட கணக்கு. திருப்பிக் கூப்பிட்டேன். தங்கை எடுத்தாள். "எங்க காக்கா போய்த் தொலைஞ்ச?" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். வாப்பாவுக்குக் காலையில் நெஞ்சுவலி, மதியத்துக்கு முன்னால் போய்விட்டார், அஸர் தொழுகை முடிந்ததும் எடுத்துக்கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. காலையிலேயே சொல்லியிருந்தால் கிளம்பியிருப்பேனே. நான் வருகிறேன் என்று தெரிந்தால் மறுநாள் வரைக்கும் வைத்திருப்பார்களே. மெஸ்ஸுக்கு ஏன் போன் போடவில்லை?

போட்டிருக்கிறாள். உம்மா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் உள்ளறையில் இருப்பாள், அந்நிய ஆண்கள் அவளைப் பார்க்கவும் கூடாது, அவள் குரலைக் கேட்கவும் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். நான் உள்ளே போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். அழுது ஓய்ந்து அவளே சொன்னாள்.

"வாப்பா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்ச ஒடனேயே அந்த மெஸ்ஸுக்குப் போன் போட்டேன்ல. ஒரு ஆம்பளை எடுத்தாரு. எம் மவன் சாபிர் இருக்கானான்னு கேட்டேன். 'சாபிர்னு இங்க யாரும் இல்லம்மா, நல்லா விசாரிச்சிட்டுப் போடுங்க'ன்னு பதவிசாச் சொன்னாரு. நம்ம பக்கத்துப் பேச்சு. அதான் நம்பிட்டேன்."

"மறுபடி போட்டிருக்கலாம்ல உம்மா."

"வாப்பா பாத்துக்கிட்டே இருந்தாவ. 'என்ன சொல்றான், கெளம்பிட்டானா?'ன்னு கேட்டாவ. 'அங்க அப்பிடி யாரும் இல்லையாம்'னு நான் சொல்லிட்டேன். பேசாம இருந்திருக்கலாம், எனக்குத் தெரியலையே. 'அப்ப இம்புட்டு வருசமா அவன் எங்கதான் இருக்கான்?'னு கேட்டாவ. அதுதான். அப்புறம் வாயே தொறக்கல."

என் வாப்பா நான் பொய் சொல்லி ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு செத்தார். எங்கே, எந்தக் கூட்டத்தில், என்ன செய்துகொண்டிருக்கிறேனோ என்ற கேள்வியோடு செத்தார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து, பொறுத்திருந்து, ஆசையாக வைத்த பெயரைக் கேட்டதற்கு அப்படி ஒருவன் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. இதற்கு எவன் எனக்குப் பதில் சொல்வான்? சொல்லுங்கள்.

ஒரகடத்துக்குத் திரும்பினேன். நேராக மெஸ்ஸுக்குப் போய் ஓனரம்மாவிடம் கேட்டேன்.

"அய்ய, நான் அன்னிக்கிக் காலைல மணிமங்கலம் கோயிலுக்குப் போயிகினேன்பா. போனு கல்லாலதான் கெடந்துச்சு. எவன் எட்த்தான்னு தெர்லயே!" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உம் பேரு சாபிரா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா வூட்ட வுட்டுத் தொரத்திடவா போறேன்? அண்ணாச்சிதானே ராஜா ராஜான்னு சொல்லிகினு இருந்தாரு."

அன்றைக்கே சொல்லியிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பாளா, அட்டையை ஆடவிட்டிருப்பாளா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒருத்தரையும் கேட்டுப் பார்க்க அண்ணாச்சி விடவே இல்லையே.

அவர் வந்தார். விஷயம் கேட்டதும் ஆடித் தீர்த்துவிட்டார். "எவன்ல அந்தப் போன எடுத்தது? மரியாதையாச் சொல்லிருங்க. செருப்பு பிஞ்சிரும்!" என்று கார்த்திகளையெல்லாம் மாடியிலிருந்து இறக்கி வரிசையாக நிறுத்தினார். நெல்லைப் பேச்சு பேசுகிற ஒவ்வொருவனையும் விசாரித்தார். பரோட்டா போடுகிறவர் செங்கோட்டைக்காரர். அவரைக் கேட்ட கேள்வியில் மனிதர் தோசைக்கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்து கை சுட்டுக்கொண்டார். ஒருவனும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஆத்திரம் அவர் மேல் திரும்பியது.

"எவன் எடுத்திருந்தா என்ன அண்ணாச்சி? எவன் எடுத்தாலும் அதத்தான் சொல்லியிருப்பான். நீங்க வச்ச பேரு பண்ணுன வேலை இது. எங்க வாப்பாவுக்கு நீங்க பதில் சொல்லணும்."

அவர் கண் கலங்கிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சபூர் பண்ணுல, ராஜா."

கேட்டீர்களா? என் பெயரின் வேரைப் பிடித்து எனக்கே ஆறுதல் சொல்கிறார், அதற்குப் பக்கத்திலேயே ராஜா என்றும் ஒட்டுகிறார், இரண்டும் ஒரே மூச்சில் வந்ததைக் கவனிக்கக்கூட இல்லை. கையைத் தட்டிவிட்டு மாடிக்குப் போனேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்றே வேறு இடம் பார்த்துப் போய்விட்டேன். அங்கே கேட்டபோது என் பெயரைச் சொன்னேன். நாலு வீட்டில் இல்லை என்றார்கள், ஐந்தாவது வீட்டில் கொடுத்தார்கள்.

வாப்பாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அவரை நான் அழைக்கவில்லை. அவராகவே வந்தார். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து, ஒரு பை நிறைய ஆப்பிளும் சாத்துக்குடியும் தூக்கிக்கொண்டு, அந்த ஆரஞ்சு ஜாக்கெட் இல்லாமல், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வாசலில் நின்றார். துக்க வீட்டுக்கு வந்தவரைத் துரத்த முடியுமா? உள்ளே வரச் சொன்னேன். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. உள்ளறை வாசலில் திரை போட்டிருந்தோம், அதற்கு அந்தப் பக்கம் உம்மா இருந்தாள்.

ஓதி முடித்து, பெரிய தட்டுகளில் நெய்ச்சோறு வைத்து, தட்டுக்கு நாலு பேராக உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஆலிம்சா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை சபூர் பண்ணணும்" என்றார். அண்ணாச்சி அவர் தட்டில்தான் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்க முடியுமா அவரால்? அதுவரைக்கும் தலை குனிந்து வாய் திறக்காமல் இருந்தவர் ஆரம்பித்துவிட்டார்.

"சபூர்ங்கிறது லேசுப்பட்ட வார்த்தை இல்ல ஹஜ்ரத். மொதப் பொருளு கட்டிப் போடுறது. மனசக் கட்டிப் போடுறது. இந்தப் பிள்ளைக்கு அவுக வாப்பா வச்ச பேருலயே அது இருக்கு பாத்தியளா? சாபிர். எத்தனை பேருக்கு இப்பிடி யோசிச்சுப் பேரு வைக்கத் தெரியும்?"

கற்றாழை வந்தது. அய்யூப் நபி வந்தார். என் பெரியப்பா கைலி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோற்றில் கை வைத்தபடி எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னதான் சொல்லுங்கள், அந்தப் பெயரை அவர் மாதிரிச் சொல்ல ஆள் கிடையாது. ஒரு நிமிஷம் எனக்கே கோபம் இறங்கியது.

"சாபிரு, இங்க வா."

உம்மா. திரைக்குப் பின்னாலிருந்து, குரலைத் தாழ்த்தாமல். கூடத்தில் இத்தனை ஆண்கள் இருக்க, இத்தாவில் இருக்கிறவள் அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. ஆலிம்சா நிமிர்ந்து பார்த்தார். நான் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரையோரம் போனேன்.

"இப்பப் பேசுனது யாருல?"

"ஒரகடத்துல இருந்து வந்திருக்காவ உம்மா. எனக்கு வேலை வாங்கித் தந்த அண்ணாச்சி."

"அந்தச் சத்தந்தாம்ல இது. அன்னைக்குப் போனை எடுத்தாருல்லா, அந்தச் சத்தம்."

திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கேட்டிருந்தது. அண்ணாச்சியின் கை தட்டில் அப்படியே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் பொய் இல்லை. அன்றைக்கு மெஸ்ஸில் அவர் குதித்த குதியும் நடிப்பில்லை. அந்த மனிதருக்கு இப்போதுதான் ஞாபகமே வருகிறது. காலைச் சாப்பாட்டு வேளை, கல்லாவில் ஒரு போன் அடித்தது, எவளோ ஒருத்தி ஏதோ பெயர் சொன்னாள், இல்லை என்று சொல்லி வைத்தோம் என்பது ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். வேண்டுமென்று செய்திருந்தால்கூட அடித்துத் தீர்த்துக்கொள்வேன். மறந்தே போயிருக்கிறார். இதை என்ன செய்வது?

உம்மா இப்போது அவரிடமே பேசினாள்.

"ஏங்க, எம் பிள்ள பேரோட பொருளு இம்புட்டுத் தெரிஞ்சவரு, அன்னைக்கு அப்பிடி ஒருத்தன் இல்லன்னு ஏன் சொன்னிய? அவுக மூச்சு இருந்துச்சு. கேட்டுக்கிட்டேதான் இருந்தாவ."

அண்ணாச்சி திரையைப் பார்க்காமல், ஆலிம்சாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டார். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது.

"எனக்கு ஞாபகம் வரலையே ராஜா... அல்லா மேல ஆணையா, எனக்கு ஒம் பேரு ஞாபகம் வரல ராஜா..."

திரைக்குப் பின்னாலிருந்து உம்மா கேட்டாள்.

"யாருல ராஜா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாந்தான் உம்மா" என்றேன்.